புனைவுலகின் திருமுறையும் கிளைக்கதைகளும்

ஒரு புனைவுலகம் அதைப் படைத்தவரின் கையை விட்டு நீங்கி, பல எழுத்தாளர்கள், பல ஊடகங்கள், பல தலைமுறைகள் வழியாக வளரத் தொடங்கும்போது, அதன் பெயரால் சொல்லப்பட்ட கதைகளுள் எவை அவ்வுலகில் நடந்தவையாகக் கொள்ளத்தக்கவை, எவை வெளியே நிற்பவை என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை. மூலக்கதையின் பாத்திரம் ஒன்றையோ இடம் ஒன்றையோ நிகழ்ச்சி ஒன்றையோ பற்றிக்கொண்டு தனியே வளரும் கதை இங்கே கிளைக்கதை எனப்படும். அவ்வுலகின் மெய்யான வரலாறாக ஏற்கப்பட்ட கதைகளின் தொகுப்பு ஏற்புத்தொகுதி எனப்படும். இத்தொகுதிக்கு ஆங்கில வாசகர்கள் வழங்கும் ‘கேனன்’ என்ற பெயர் கிறித்தவ இறையியலிலிருந்து பெறப்பட்டது; தமிழ்க் கத்தோலிக்கர் திருமுறை என்று வழங்குவதும் அதையே. அப்பெயர் துப்பறியும் கதைகளுக்கு வந்து சேர்ந்ததில் விளையாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1911-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரொனால்ட் நாக்ஸ் என்ற இளைஞர், பிற்காலத்தில் கத்தோலிக்கக் குருவாகி விவிலியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் பற்றி ஓர் ஆய்வுரை படித்தார். விவிலிய நூல்களை அடுக்கடுக்காகப் பிரித்து, இது மூல ஆசிரியருடையது, இது பிற்காலத்தவர் சேர்த்தது என்று தீர்ப்பளித்துவந்த ஜெர்மானிய அறிஞர்களின் முறையை அவர் டாக்டர் வாட்சனின் குறிப்புகள் மீது ஏவினார். இல்லாத பேராசிரியர்களின் பெயர்களை மேற்கோளாகக் காட்டினார். கேலியாகத் தொடங்கியது விரைவிலேயே மெய்யான தொழிலாகிவிட்டது. ஹோம்ஸ் அன்பர்கள் நான்கு நாவல்களையும் ஐம்பத்தாறு சிறுகதைகளையும் ஏற்புத்தொகுதியாக வகுத்து, மற்றவற்றை எல்லைக்கு வெளியே நிறுத்தினர்.

கேலிக்காக எடுத்த பெயரானாலும் அது தன் பழைய சிக்கல்களையும் கூடவே கொண்டுவந்தது. கிறித்தவத் திருமுறை ஒரே நாளில் ஒரே ஆணையால் அமைந்ததன்று. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செசாரியா நகர ஆயர் யூசேபியுஸ் தம் திருச்சபை வரலாற்றில், எல்லோராலும் ஏற்கப்பட்டவை, சிலரால் மறுக்கப்படுபவை, போலியானவை என நூல்களைத் தரம் பிரித்துக் காட்டினார். புதிய ஏற்பாட்டில் இன்றுள்ள 27 நூல்களும் கூடுதல் குறைவின்றி ஒரே பட்டியலாக இடம்பெற்றது, அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியார் 367-இல் எழுதிய பாஸ்கா மடலில்தான். அம்மடலிலும், திருமுறையைச் சேராவிட்டாலும் புதிதாகச் சேர்வோருக்கு வாசித்துக் காட்டத்தக்கவை என்று ஒரு நடுவகுப்பு உண்டு. தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலிய நூல்களைக் கத்தோலிக்கர் இணைத்திருமுறை என்று ஏற்பதும், சீர்திருத்த சபையினர் அவற்றைத் திருமுறைக்கு அப்பால் வைப்பதும் இன்றும் தொடர்கின்றன. ஏற்பு, மறுப்பு என்ற இரண்டே பெட்டிகளுக்குள் இவ்வரலாறு அடங்கியதில்லை.

இவ்வரலாற்றின் அடியில் உள்ள மெய்யியல் கேள்வி கிறித்தவத்துக்கும் முந்தியது. பிளேட்டோவின் ‘யூதிஃப்ரோ’ உரையாடலில் சாக்ரடீஸ், ஒரு செயல் புனிதமானது என்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா, தெய்வங்கள் விரும்புவதால்தான் அது புனிதமாகிறதா என்று கேட்கிறார். அதே கேள்வியைத் திருமுறையிடமும் கேட்கலாம்: ஒரு நூல் திருச்சபையால் ஏற்கப்பட்டதனால் திருமுறையாகிறதா, திருமுறையாக இருப்பதனால் திருச்சபை அதை ஏற்கிறதா? 1870-இல் முதலாம் வத்திக்கான் சங்கம் இதற்குத் தெளிவாகவே விடை கூறியது. மனித முயற்சியால் எழுதப்பட்டுப் பின்னர் திருச்சபையின் அதிகாரத்தால் ஒப்புதல் பெற்றதனால் அந்நூல்கள் புனிதமாகவில்லை. தூய ஆவியின் ஏவுதலால் எழுதப்பட்டு, கடவுளையே ஆசிரியராகக் கொண்டிருப்பதனால்தான் அவை புனிதம் என்பது அச்சங்கத்தின் நிலைப்பாடு. திருச்சபை செய்வது கண்டறிதல் மட்டுமே. இவ்விளக்கத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் நம்பிக்கையைச் சார்ந்தது. ஆனால் கண்டறிவதற்கு அங்கே ஒரு பொருள் இருப்பதாகக் கொள்ளப்படுகிறது என்பதை மனத்தில் இருத்த வேண்டும்.

திருமுறைக்கு வெளியே நின்ற நூல்களின் கதி இதைவிடச் சுவையானது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ‘யாக்கோபின் முதல் நற்செய்தி’ எந்தப் பெரிய சபையின் திருமுறையிலும் இடம்பெறவில்லை. இயேசுவின் தாயான மரியாவின் பிறப்பையும் இளமையையும் சொல்லும் அந்நூலை, இன்றைய வழக்கில் சொல்வதானால், ஒரு முன்கதை எனலாம். மரியாவின் பெற்றோர் பெயர் நான்கு நற்செய்திகளிலும் இல்லை; சுவக்கீன், அன்னா என்ற பெயர்கள் இந்த விலக்கப்பட்ட நூலிலிருந்தே வந்தன. இருந்தும் அவ்விருவருக்கும் கத்தோலிக்க நாட்காட்டியில் ஜூலை 26 திருநாளாக உள்ளது. மரியா குழந்தையாகக் கோவிலில் காணிக்கையாக்கப்பட்டதாக அந்நூல் சொல்லும் நிகழ்ச்சிக்கு நவம்பர் 21-இல் விழா எடுக்கப்படுகிறது. நூல் வாசலுக்கு வெளியே நிற்க, அதன் பாத்திரங்கள் உள்ளே வந்து பீடம் ஏறிவிட்டனர். நற்செய்திகளில் ஒரு சொல்கூடப் பேசாத சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்கி, அவருக்கு வளன் என்று பெயரிட்டு வீரமாமுனிவர் பாடிய தேம்பாவணியும் இவ்வாறு திருமுறையின் இடைவெளியில் வேர்விட்ட நூலே. அதைத் திருமுறைக்குள் சேர்க்கக் கோரியவர் எவருமில்லை. அது சொல்வதெல்லாம் பொய் என்று தள்ளியவரும் அரிது.

புனைவுலகுக்கு இந்த ஒப்புமையைக் கொண்டுவரும்போது ஓர் அடிப்படை வேறுபாடு குறுக்கிடுகிறது. வரலாற்றிலும், நம்புவோர் நோக்கில் மறையிலும், சொல்லுக்கு அப்பால் ஒரு பொருள் இருக்கிறது. இரண்டு சாட்சிகள் முரண்பட்டால் உண்மையில் நடந்தது எது என்று கேட்பதற்கு இடமுண்டு. ஷெர்லாக் ஹோம்ஸ் விஷயத்தில் சொல்லுக்கு அப்பால் எதுவும் இல்லை. 1887-இல் வெளிவந்த முதல் நாவலில் வாட்சனுக்கு ஆப்கானியப் போரில் குண்டடி பட்டது தோளில். இரண்டாம் நாவலில் காயம் காலில் இருக்கிறது. உண்மையில் காயம் எங்கே பட்டது என்று கேட்டுக்கொண்டு போய்ச் சோதிப்பதற்கு உடல் ஒன்று கிடையாது. அமெரிக்க மெய்யியலாளர் டேவிட் லூயிஸ் 1978-இல் எழுதிய ‘புனைவில் உண்மை’ என்ற புகழ்பெற்ற கட்டுரையில், ஒரு கதை அறிந்த உண்மையாகச் சொல்லப்படுகின்ற சாத்திய உலகங்களுள், நம் உலகோடு மிக நெருங்கியவற்றில் எது உண்மையோ அதுவே அக்கதையில் உண்மை என்று வரையறை செய்தார். சாத்திய உலகம் என்பது நிகழ்ந்திருக்கக்கூடிய, முரணற்ற ஒரு முழு நிலைமை. காயம் தோளிலும் காலிலுமாக அலையும் கதைக்கு அப்படிப்பட்ட உலகமே இல்லாமல் போகும் என்பதை லூயிஸ் உணர்ந்திருந்தார்; முரண்படும் கதையை முரணற்ற துண்டுகளாகப் பிரித்துக்கொள்வது அவர் பின்னர் எண்ணிப்பார்த்த வழிகளுள் ஒன்று. நுட்பமான கோட்பாடுதான். ஆனால் எந்தெந்த ஏடுகள் சேர்ந்து ‘கதை’ ஆகின்றன என்பது முன்பே முடிவாகிவிட்டதாக அது எடுத்துக்கொள்கிறது. கிளைக்கதைகளின் வழக்கோ அங்கேதான் தொடங்குகிறது.

எழுதியவரைக் கொண்டு முடிவு செய்யலாம் என்பது எளிதில் தோன்றும் விடை. ஆர்தர் கானன் டாயில் எழுதியவை உள்ளே, மற்றவை வெளியே. இவ்விதி ஹோம்ஸ் அன்பர்களிடமே நிற்கவில்லை. ஹோம்ஸும் வாட்சனும் உரையாடும் இரண்டு குறுங்கதைகளை, ஒன்றை 1896-இலும் மற்றதை 1924-இலும், டாயிலே எழுதினார். இரண்டும் அறுபதுக்குள் எண்ணப்படுவதில்லை. அவற்றின் ஆசிரியர் யார் என்பதில் ஐயம் ஏதும் இல்லை. அவை வேடிக்கைக்காக எழுதப்பட்ட துணுக்குகள், தொடரின் பகுதியாக முன்வைக்கப்பட்டவை அல்ல என்பதே காரணம். மறுபுறம், டாயில் 1930-இல் இறந்த பின் அவருடைய தாள்களிடையே கிடைத்த ஒரு ஹோம்ஸ் கதை, 1948-இல் அமெரிக்க இதழ் ஒன்றில் அவர் பெயரிலேயே அச்சாயிற்று. அறுபத்தோராவது கதை கிடைத்துவிட்டதாக வாசகர்கள் மகிழ்ந்திருக்க, ஆர்தர் விட்டேக்கர் என்ற கட்டடக் கலைஞர் அது தாம் எழுதியது என்றும், பல ஆண்டுகளுக்கு முன் டாயிலிடம் பத்து கினிக்கு விற்றது என்றும், அவருடைய கடிதத்தைக் காட்டி மெய்ப்பித்தார். கதையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் நேற்றுவரை ஹோம்ஸின் வாழ்வில் நடந்த ஒன்று இன்று நடக்காததாகிவிட்டது. புனைவுலகில் ஒரு நிகழ்ச்சியின் மெய்ம்மை கதைக்குள் தங்கியிருப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

ஆசிரியர் ஒருவரே ஆனாலும் அவர் தம்மோடு தாமே முரண்படும் இடங்கள் வேறு. டோல்கீன் 1937-இல் வெளியிட்ட ‘தி ஹாபிட்’ நாவலில், கோலம் என்ற குகைவாசி விடுகதைப் போட்டியின் பரிசாக மோதிரத்தையே தருவதாகச் சொல்லி, தோற்றபின் அது காணாமற்போனதற்கு வருந்தி, கதைத்தலைவன் பில்போவுக்கு வெளியே போகும் வழியைக் காட்டிக்கொடுக்கிறான். பின்னர் எழுதிய பெருங்கதையில் அந்த மோதிரம் உரியவரைப் பிடித்தாட்டும் தீமையாக வளர்ந்துவிட்டதால், அதை விரும்பித் தரும் கோலத்துக்கு அங்கே இடமில்லை. 1951-ஆம் ஆண்டுப் பதிப்பில் டோல்கீன் அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார். திருத்தியதோடு நின்றிருந்தால் அது சாதாரணச் செம்மையாக்கம். அவர் ஒரு படி மேலே சென்று, பழைய வடிவம் பில்போ தன் நண்பர்களிடம் சொன்ன பொய் என்றும், மோதிரத்தின் மீது தனக்கிருந்த உரிமையை வலுப்படுத்திக்கொள்ளவே அப்படிச் சொன்னான் என்றும் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முன்னுரையில் எழுதினார். விலக்கப்பட்ட ஏடு இவ்வாறு விலக்கப்பட்ட நிலையிலேயே உலகத்துக்குள் ஓர் இடம் பெற்றது: அது சொல்லும் செய்தி பொய், ஆனால் அப்படி ஒரு பொய் சொல்லப்பட்டது உண்மை. அவர் மறைந்தபின் மகன் கிறிஸ்டோஃபர் 1977-இல் தொகுத்து வெளியிட்ட ‘தி சில்மரில்லியன்’ வேறு வகைச் சிக்கல். டோரியாத் என்ற அரசின் அழிவைச் சொல்லும் அத்தியாயத்துக்குத் தந்தை முழு வடிவம் விட்டுச்செல்லாததால், அதைப் பெரிதும் தொகுப்பாளர்களே கட்டியமைத்தனர். தொகுப்பாசிரியரின் எல்லை அங்கே மீறப்பட்டதாகப் பிற்காலத்தில் கிறிஸ்டோஃபரே எழுதினார். சட்டப்படி குறையில்லை, அட்டையில் தந்தையின் பெயர், உள்ளே ஐயம்.

முரண்பாட்டை அளவுகோலாகக் கொள்வதைப் பற்றி நெடிது பேச வேண்டியதில்லை. மூலத்தோடு முரண்படாதது உள்ளே, முரண்படுவது வெளியே என்றால், வாட்சனின் காயத்தை முன்னிட்டு டாயிலின் இரண்டாம் நாவலையே தள்ள நேரும். எதனோடும் முரண்படாமல் எழுதப்பட்ட ஆயிரம் அன்பர் கதைகளைச் சேர்க்கவும் நேரும்.

மூல ஆசிரியர் கிளைக்கதையை எதிர்த்துப் போரிட்ட பழைய வழக்கு ஸ்பெயினில் நடந்தது. செர்வாண்டிஸ் 1605-இல் ‘டான் கிஹோத்தே’யின் முதல் பாகத்தை வெளியிட்டார். இரண்டாம் பாகம் வருவதற்குள், 1614-இல், அவெல்லானேடா என்ற புனைபெயரில் எவரோ ஒருவர் தொடர்ச்சியை எழுதி வெளியிட்டதோடு, முன்னுரையில் செர்வாண்டிஸின் முதுமையையும் ஊனமுற்ற கையையும் இகழ்ந்தார். அன்று காப்புரிமைச் சட்டம் இன்றைய வடிவில் இல்லை. பாத்திரத்தின் மீது உரிமை கோரி வழக்காட வழியில்லை. 1615-இல் வெளிவந்த தம் இரண்டாம் பாகத்தில் செர்வாண்டிஸ் கதையையே ஆயுதமாக்கினார். ஒரு விடுதியில் டான் கிஹோத்தே அந்தப் போலி நூலைப் பற்றிக் கேள்விப்படுகிறார். அதில் தாம் சரகோசா நகரத்துக்குப் போனதாக எழுதியிருப்பதை அறிந்ததும், அவ்வூருக்கே போகாமல் பார்சலோனாவுக்குத் திரும்பிவிடுகிறார். பின்னர், அவெல்லானேடா உருவாக்கிய அல்வாரோ தார்ஃபே என்ற பாத்திரம் இந்த நூலுக்குள் வந்து மெய்யான டான் கிஹோத்தேயைச் சந்திக்கிறது. தாம் முன்பு பழகியவர் இவர் அல்லர் என்று ஊர் அதிகாரி முன்னிலையில் முறைப்படி வாக்குமூலம் எழுதிக் கொடுக்கிறார் தார்ஃபே. இறுதியில், இனி எவரும் தொடர்ச்சி எழுத முடியாதபடி செர்வாண்டிஸ் தம் வீரரைச் சாகவும் செய்தார்.

இந்த வெற்றிக்குள் ஒரு விட்டுக்கொடுப்பும் இருக்கிறது. போலியை மறுப்பதற்காகச் செர்வாண்டிஸ் போலியின் பாத்திரத்தைக் கடன்வாங்க வேண்டியிருந்தது. தார்ஃபே மெய்யான டான் கிஹோத்தேயின் உலகில் வாழ்பவர் என்றால், அவர் முன்பு பழகிய வேறொரு டான் கிஹோத்தேயும் அவ்வுலகில் எங்கோ திரிந்திருக்க வேண்டும். அந்த நூல் பொய்யான வரலாறாகவாவது அங்கே அச்சாகி, வாசிக்கப்பட்டிருக்க வேண்டும். மெய்யான கிஹோத்தேயின் பயண வழியையே அது மாற்றிவிட்டது. தன்னைப் பின்தொடர்ந்த கதையை ஒரு கிளைக்கதை வேறு திசைக்குத் திருப்பிவிட்ட பிறகு, அது வெளியே நிற்கிறது என்று சொல்வதில் எவ்வளவு பொருள் மிஞ்சும்?

மூல ஆசிரியரும் அல்லாத, உரிமையாளர் மட்டுமேயான ஒரு நிறுவனம் எல்லை வகுத்த நிகழ்ச்சி அண்மைக்காலத்தது. 1977-இல் முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படம் வந்த மறு ஆண்டே ஆலன் டீன் ஃபாஸ்டர் எழுதிய முதல் கிளை நாவல் வந்தது. அதில் திரைப்படத்தின் முதன்மைப் பாத்திரங்களான லூக்குக்கும் லேயாவுக்கும் இடையே காதல் அரும்புவதுபோல் இருக்கும். இருவரும் உடன்பிறந்தோர் என்று 1983-இல் வந்த திரைப்படம் அறிவித்தபோது அந்நாவலின் பல பக்கங்கள் தர்மசங்கடமாயின. 1991-இல் டிமதி ஸான் எழுதிய ‘ஏர் டு தி எம்பயர்’ பெரும் வரவேற்புப் பெற்றபின், நாவல்கள், படக்கதைகள், கணினி விளையாட்டுகள் எனக் கிளைகள் பெருகின. அவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்த 2000-ஆம் ஆண்டு முதல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் லீலண்ட் சீ ஒரு தரவுத்தொகுப்பைப் பராமரித்தார். ஜார்ஜ் லூகாஸின் திரைப்படங்கள் உச்சியில், தொலைக்காட்சித் தொடர் அடுத்து, நாவல்களும் படக்கதைகளும் அதற்குக் கீழே, பழைய பொருந்தாக் கதைகள் இன்னும் கீழே, முற்றிலும் விலக்கப்பட்டவை அடியில் என்று அது தரம் பிரித்தது. யூசேபியுஸின் பட்டியலை அறிந்தவருக்கு இந்த அடுக்கு புதிதாகத் தோன்றாது. அலுவலக வேலையாகச் செய்யப்பட்டது என்பதொன்றே வேறுபாடு.

2012-இல் டிஸ்னி நிறுவனம் லூகாஸ்ஃபிலிமை ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு வாங்கியது. புதிய திரைப்படங்களை எழுதப் புகுந்தபோது, முப்பத்தைந்து ஆண்டுகளின் நாவல்கள் கதாசிரியர்களின் கையைக் கட்டின. திரைப்படம் பார்க்க வருவோருள் மிகச் சிலரே அவற்றைப் படித்தவர்கள். 2014 ஏப்ரல் 25 அன்று லூகாஸ்ஃபிலிம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதுவரை வந்த ஆறு திரைப்படங்களும் ‘தி குளோன் வார்ஸ்’ தொடரும் அசையாத அடிப்படை. விரிவாக்கப்பட்ட பேரண்டம் என்று வழங்கிய முன்னைய கிளைக்கதைகள் யாவும் இனி ‘லெஜண்ட்ஸ்’, அதாவது பழங்கதைகள் என்ற தலைப்பில் அச்சிடப்படும். இனி வரும் நாவல், படக்கதை, விளையாட்டு அனைத்தும் திரைப்படங்களோடு ஒரே தொகுதியாக ஒரு கதைக்குழுவின் மேற்பார்வையில் அமையும்.

இந்த ஆணை ஒரே ஒரு பாத்திரத்தின் மீது எப்படி விழுந்தது என்பதைப் பார்த்தால் அதன் இயல்பு விளங்கும். 1999-இல் ஆர். ஏ. சால்வடோர் எழுதிய ‘வெக்டர் பிரைம்’ நாவலில், செர்ன்பிடல் என்ற கோளின் மீது அதன் சந்திரனே வந்து விழுகிறது. ஹான் சோலோவின் நெடுநாள் தோழனான செவ்பாக்கா, ஹானின் இளைய மகன் அனக்கினைக் காப்பாற்றி விண்கலத்தில் சேர்த்துவிட்டு, தான் ஏற முடியாமல் நின்று இறக்கிறான். கலத்தை ஓட்டிய சிறுவன் அவனை விட்டுவிட்டு மேலெழும்ப வேண்டியதாயிற்று. அதற்காக ஹான் மகனை மன்னிக்க மாட்டாமல் தவிப்பது அடுத்து வந்த பல நாவல்களின் துயரமாயிற்று. அத்துயரம் இல்லையேல் அந்நாவல்களே இல்லை. 2015-இல் ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ வெளிவந்தபோது செவ்பாக்கா ஹானின் பக்கத்தில் உயிரோடு நின்றான். சாவை வென்று மீண்டவனாக அவன் காட்டப்படவில்லை. சாகவே இல்லாதவனாகக் காட்டப்பட்டான். அனக்கின் சோலோ என்ற மகனும் பிறக்கவே இல்லை.

லூகாஸ்ஃபிலிம் செய்த அந்த அறிவிப்பில் இரண்டு வெவ்வேறு செயல்கள் கலந்திருந்தன என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஒன்று வாக்குறுதி: இனி எழுதுவோர் இன்னின்ன கதைகளுக்குக் கட்டுப்பட்டு எழுதுவர், இன்னின்னவற்றுக்குக் கட்டுப்பட மாட்டார்கள் என்பது. மற்றது தீர்ப்பு: இன்னின்ன நிகழ்ச்சிகள் அவ்வுலகில் நடந்தன, இன்னின்னவை நடக்கவில்லை என்பது. முதலாவதைச் செய்ய உரிமையாளருக்கு முழுத் தகுதி உண்டு; எழுதுவோரை நியமிப்பவரும் அச்சுக்கு அனுப்புபவரும் அவரே. இரண்டாவதைச் செய்ய அவருக்கு எந்தத் தகுதியும் இல்லை. ஏனென்றால் தீர்ப்பளிப்பதற்கு அங்கே வழக்குப் பொருள் இல்லை. சொல்லுக்கு அப்பால் செவ்பாக்கா என்று ஒருவன் இருந்து, அவன் இறந்தானா இல்லையா என்று நிறுவனம் விசாரித்து அறியவில்லை. வீட்டை வாங்கியவர் இனி அதில் யார் குடியிருக்கலாம் என்று சொல்லலாம். முன்பு அந்த வீட்டில் நடந்த கல்யாணம் நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது.

இவ்வாறு பார்த்தால், ஏற்புத்தொகுதி உண்மைகளின் பட்டியல் என்பதைவிடக் கடப்பாடுகளின் பட்டியல் என்பது பொருந்தும். ஒரு கிளைக்கதை ஓர் உலகத்தைச் சேர்ந்தது என்றால், அதற்குப் பின் அவ்வுலகில் கதை சொல்ல வருவோர் அதை மதித்தே சொல்ல வேண்டும், வாசிப்போர் அதை நினைவில் வைத்தே வாசிக்க வேண்டும் என்று பொருள். கெண்டல் வால்டன் என்ற மெய்யியலாளர் 1990-இல் எழுதிய நூலில், புனைவை வாசிப்பதைக் குழந்தைகளின் பாவனை விளையாட்டோடு ஒப்பிட்டு, நூலை அவ்விளையாட்டின் கருவி என்றார். கருவி இன்னதைக் கற்பனை செய்க என்று பணிக்கிறது. ஆடுவோர் அதன்படி கற்பனை செய்கின்றனர். அவருடைய விளக்கத்தைக் கிளைக்கதைகளுக்கு நீட்டினால், எத்தனை கருவிகளைச் சேர்த்துக்கொண்டு ஆடுவது என்பது ஆட்டத்தின் விதி ஆகிறது. விதிகள் வகுக்கப்படுபவை, கண்டுபிடிக்கப்படுபவை அல்ல. 1870-இன் சங்கம் திருமுறைக்குக் கோரிய கண்டறிதல் புனைவுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். யூதிஃப்ரோவின் கேள்விக்கு மறையியலார் ஒரு விடை கூறலாம். புனைவுலகில் மற்ற விடைக்கே வழியுண்டு. அங்கே ஏற்பினால் மட்டுமே கதை திருமுறையாகிறது.

அப்படியானால் அதிகம் விற்ற கதையெல்லாம் உள்ளே வந்துவிடுமே என்று இங்கே ஓர் ஆட்சேபம் எழும். புகழும் கடப்பாடும் ஒன்றல்ல. ஒரு கிளைக்கதையை இலட்சம் பேர் படித்து மகிழ்ந்து, அதன் பின் வந்த ஒரு கதையும் அதைத் தொடாமல் போனால், அது கடப்பாடு எதையும் விட்டுச்செல்லவில்லை. ஸானின் முதல் நாவலில் பேரரசின் தலைநகரக் கோளுக்குக் கொரஸ்கன்ட் என்ற பெயர் சூட்டப்பட்டது. லூகாஸ் அதை எடுத்து 1999-இன் திரைப்படத்தில் வைத்தார். உச்சித் தொகுதியே கீழ்த்தொகுதிக்குக் கட்டுப்பட்ட தருணம் அது. நூல் பின்னர் பழங்கதை ஆனபோதும் ஊரின் பெயர் மாறவில்லை. சுவக்கீனும் அன்னாவும் நாட்காட்டியில் நிற்பதும், தார்ஃபே செர்வாண்டிஸின் ஏட்டில் நிற்பதும் இதே வகை. முழுநூலாகச் சேர்க்கப்படாத கதையும் துண்டு துண்டாகக் கடப்பாடு ஏற்படுத்த முடியும் என்பதால், உள்ளா வெளியா என்று ஒரு கதையை முழுமையாக நிறுத்துப் பார்க்கும் வழக்கமே சற்று முரட்டுத்தனமானது.

உரிமையாளர் எவரும் இல்லாத பேருலகங்களும் இதை உறுதிப்படுத்துகின்றன. இராமாயணம் அவற்றுள் ஒன்று. பாதாளத்தரசன் மயில்ராவணன் இராம இலக்குவரைக் கவர்ந்துபோக, அனுமன் சென்று மீட்கும் கதை வால்மீகியிலும் இல்லை, கம்பரிலும் இல்லை. பெரிய எழுத்துப் பதிப்புகளிலும் கூத்து மேடைகளிலும் அது வாழ்ந்தது. அதை விலக்க வேண்டுமென்று எவரும் வாதாடியதாகத் தெரியவில்லை. போரின் நடுவே ஓர் இரவில் நுழைந்து, மறுநாள் போரைத் தொட்ட இடத்திலேயே விட்டுப்போகும் கதை அது. பின்வருவோரிடம் அது எதையும் கேட்பதில்லை. உத்தர காண்டம் அப்படியன்று. சீதை மீண்டும் காட்டுக்கு அனுப்பப்பட்டாள் என்று ஏற்றால், முடிசூட்டு விழாவின் மகிழ்ச்சி முதல் இராமனின் அறம் வரை அதற்கு முன் படித்த அனைத்தையும் வேறு கண்ணோடு படிக்க வேண்டியிருக்கிறது. கம்பர் முடிசூட்டோடு நிறுத்தினார். தமிழ் உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பெயரில் வழங்குகிறது. வால்மீகியின் பெயரில் உள்ளதும் பிற்சேர்க்கை என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. ஆயினும் அதைப் பற்றிய வாதம் ஓயாததற்குக் காலவாராய்ச்சி மட்டும் காரணமன்று. தள்ள விரும்புவோரை உறுத்துவது அதன் பின்வயதைவிட, அது சுமத்தும் கடப்பாடே.

ஆகவே 2014-இன் ஆணையைக் கண்டு நூல்கள் பறிக்கப்பட்டதாகக் கொதித்த வாசகர்களும், சட்ட உரிமையாளர் சொன்னபின் பேச்சில்லை என்று அடக்க முயன்றவர்களும் ஒரே தவற்றைச் செய்தனர்: வாக்குறுதியைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டனர். நிறுவனம் தன்னைப் பழைய கடப்பாடுகளிலிருந்து விடுவித்துக்கொண்டது. அதை நியாயமாகவே செய்தது என்றும் சொல்லலாம், ஏனெனில் படிக்காத நாவல்களுக்குத் திரைப்படம் பார்ப்போரைக் கட்டிப்போடுவது எந்தக் கதைசொல்லிக்கும் முறையன்று. வாசகரை அது விடுவிக்கவும் இல்லை, கட்டவும் இல்லை. தான் விலக்கியவற்றிடமிருந்து நிறுவனம்கூட முழுதாக விடுபடவில்லை: ஸான் படைத்த தளபதி த்ரான் 2016-இல் ‘ரெபல்ஸ்’ தொடரின் வழியே ஏற்புத்தொகுதிக்குள் திரும்பி வந்தார், அவரைப் பற்றிப் புதிய நாவல் எழுத ஸானே அழைக்கப்பட்டு, அது 2017-இல் வெளிவந்தது. பழைய நாவல்கள் புதிய தலைப்புப் பட்டையோடு இன்றும் அச்சில் உள்ளன.